நரம்பு நோய்களை வகுத்துக் காட்டிய மேதை ஷார்க்கோ

பாரிஸ் மாநகரிலே, சேன் நதியின் இடக்கரையிலே, சல்பெத்ரியேர் என்னும் பழைய வைத்தியசாலை இன்றும் நிலைத்திருக்கின்றது. வெடியுப்பைக் கொண்டு வெடிமருந்து செய்யும் சாலையொன்று முன்னொருகால் அவ்விடத்தில் இருந்தமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. பதினான்காம் லூயி மன்னனுடைய ஆட்சியில், 1656ஆம் ஆண்டிலே, நகரத்து வீதிகளில் அலைந்த ஏழைகளையும் திக்கற்றோரையும் அடைத்துவைக்கும் இல்லங்களுள் ஒன்றாக அது ஆக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே ஏறத்தாழ 5,000 பேர் இருந்தனர், பெரும்பாலும் பெண்கள். முதுமையால் தளர்ந்தோர், கைகால் வழங்காதோர், காக்கைவலிப்பு உடையோர், சித்தம் கலங்கியோர், கேட்பாரற்றுக் கைவிடப்பட்டோர் எனப் பலதிறத்தினரும் ஒரே மதிலுக்குள்ளே வாழ்ந்து, பெரும்பாலும் அங்கேயே மாண்டனர்.

இளம் வைத்தியர்கள் தங்கள் பயிற்சித் தவணையை அங்கே கழித்துவிட்டு வேறிடந்தேடி விரைந்து போய்விடுவதே வழக்கம். மாறாப் பிணியாளரிடத்து ஒரு வைத்தியன் கற்பதற்கு என்ன இருக்கின்றது என்பது அக்காலத்தார் எண்ணம். அவ்வெண்ணத்துக்கு முற்றும் மாறாக, அந்த இல்லத்தையே தமது ஆராய்ச்சிச்சாலையாகவும் கல்விச்சாலையாகவும் கொண்டு, தம் வாழ்நாளிற் சிறந்த 31 ஆண்டுகளை அங்கே செலவிட்டவர் ஜான் மார்த்தேன் ஷார்க்கோ. நம் கல்லூரியினின்றும் மருத்துவம் பயிலச் சென்றோர் யாவரும் இவர் பெயரை ஒருமுறையேனும் மனப்பாடம் செய்திருப்பர். ஷார்க்கோ மூட்டு என்றும், ஷார்க்கோ-மரி-டூத் நோய் என்றும், ஷார்க்கோவின் முக்குறி என்றும் பாடநூல்கள் இவரைச் சிதறடித்து வைத்திருக்கின்றன. மனிதரைக் காண்பது அருமையாகிவிட்டது. அம்மனிதருடைய பெருமையையும், அப்பெருமையோடு பிரிக்கவொண்ணாதபடி கலந்திருந்த பிழையையும் ஒருங்கே கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷார்க்கோ 1825ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 29ஆம் திகதி பாரிஸ் நகரிலே பிறந்தார். தந்தையார் குதிரைவண்டி செய்யும் தொழிலாளர். உடன்பிறந்த ஆண்மக்கள் மூவர். நால்வரையும் உயர்கல்வி கற்பிக்கும் வசதி குடும்பத்தில் இன்மையால், படிப்பிலே முதன்மை பெறுபவனை மட்டும் மேலே படிப்பிப்பது என்று தந்தையார் தீர்மானித்தார் என்றும், அவ்வாய்ப்பு ஜான் மார்த்தேனுக்குக் கிடைத்தது என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். சிறுவனுக்குப் பேச்சுக் குறைவு. சித்திரம் வரைவதில் ஆசை மிகுதி. ஓவியன் ஆவதா வைத்தியன் ஆவதா என்று சிலகாலம் தடுமாறியதுமுண்டு. முடிவில் மருத்துவத்தை மேற்கொண்டாராயினும் ஓவியனுடைய கண் அவரைவிட்டு நீங்கவேயில்லை. பின்னாளில் அவர் கண்டவற்றுட் பெரும்பாலானவை அக்கண் கண்டவையே.

1848இல் வைத்தியசாலைப் பயிற்சி மாணவராகத் தெரிவுசெய்யப்பட்டார். அப்பயிற்சியின் ஒரு பகுதி சல்பெத்ரியேரிலே கழிந்தது. 1853இல் அவர் எழுதிய பட்ட ஆய்வுரை மூட்டுவாதத்தைப் பற்றியது. கவுட் எனப்படும் வாதமும் நாட்பட்ட மூட்டுவாதமும் வெவ்வேறு நோய்கள் எனப் பிரித்துக் காட்டினார். ஒன்றெனத் தோன்றுவதை இரண்டெனக் காணும் அவரது ஆற்றல் அங்கேயே தலைகாட்டிற்று. ஆசிரியப் பதவிக்குரிய போட்டிப் பரீட்சையில் 1857இல் தோல்வியுற்று, 1860இலேதான் தேறினார். அவர் இயல்பாகப் பேச வல்லவர் அல்லர். பிற்காலத்தில் ஐரோப்பாவெங்குமிருந்து அறிஞர் வந்து கேட்ட அவருடைய விரிவுரைகள், இரவிரவாக எழுதித் திருத்தி ஆயத்தஞ் செய்யப்பட்டவை. நாவன்மை இல்லையென்று மேடைக்கு அஞ்சும் மாணவர் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

1862இல், ஷார்க்கோவும் அவருடைய நண்பர் வுல்பியானும் சல்பெத்ரியேரின் வைத்தியராக ஒரே ஆண்டில் நியமனம் பெற்றனர். இருவரும் விடுதி விடுதியாகச் சென்று, அங்கிருந்த நோயாளரை ஒருவர்பின் ஒருவராகச் சோதித்துக் குறிப்பெழுதத் தொடங்கினர். அதற்குமுன் அவர்களை அவ்வாறு எவரும் முறையாகக் கணக்கெடுத்ததில்லை. பிறர் குப்பைமேடு என ஒதுக்கிய இடத்தை, உயிருள்ள நோய்க் காட்சிச்சாலை என ஷார்க்கோ கண்டார். பொது வைத்தியசாலையில் நோயாளி சில கிழமைகள் கிடந்து, குணமடைந்தோ அடையாமலோ வீடு திரும்பிவிடுவான். சல்பெத்ரியேரில் உள்ளவர்களோ ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருப்பவர்கள். நோய் அரும்புவதையும் முற்றுவதையும் கண்ணாற் கண்டு, இறந்தபின் பிரேத பரிசோதனையிலே மூளையையும் முண்ணாணையும் நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து, உயிரோடிருந்தபோது எழுதிய குறிப்போடு ஒப்பிடலாம். இன்ன குறி கண்டோம், இன்ன இடத்தில் இன்ன பழுது இருந்தது என்று இரண்டையும் பிணைக்கலாம். இதுவே அவருடைய முறை. கேட்பதற்கு எளிது, ஒரு நோயாளியைப் பற்றிய உண்மையை அறியப் பத்தாண்டு காத்திருக்கும் பொறுமை எத்தனை பேருக்கு வரும்?

அவர் நோயாளரைப் பார்க்கும் விதமே தனி. தமது அறையிலே மேசையருகில் அமர்ந்திருப்பார். நோயாளி அழைத்துவரப்பட்டு உடை களையப்பெற்று நிறுத்தப்படுவார். உதவியாளர் நோய்வரலாற்றை வாசிப்பர். ஷார்க்கோ வாய்திறவாது நெடுநேரம் உற்றுநோக்குவார். விரல்கள் மேசையின்மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். ஓர் அசைவைச் செய்யச் சொல்வார். இரண்டொரு சொற் பேசுவிப்பார். பின்னர் இன்னொரு நோயாளியைக் கொண்டுவரச் சொல்வார், பிறகு மற்றொருவரை. மூவரையும் அருகருகே நிறுத்தி மீண்டும் மௌனமாக ஒப்பிடுவார். சூழ நின்ற மாணவர்க்குச் சிலவேளை ஒரு சொல்லும் கிட்டாது.

நடுக்கம் என்பது அக்காலத்தில் ஒரே நோயாகவே கொள்ளப்பட்டது. கை நடுங்கினால் நடுக்குவாதம், அவ்வளவே. இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் எழுதிய சிறு நூலொன்று பெரும்பாலாரால் மறக்கப்பட்டுக் கிடந்தது. ஷார்க்கோ நடுங்குவோரை இரு அணியாகப் பிரித்தார். ஓரணியினருடைய கை மடியிற் சும்மா கிடக்கும்போது நடுங்கும். ஒரு பொருளை எடுக்க நீட்டினால் நடுக்கம் தணியும். மற்ற அணியினருடைய கை சும்மா இருக்கையில் அமைதியாயிருக்கும். நீர்க்குவளையை எடுக்க நீட்டியவுடன் நடுங்கத் தொடங்கி, வாயை அணுக அணுக மிகுந்து, நீரெல்லாம் சிந்திவிடும். நடுக்கத்தை வரைந்து காட்டும் கருவியை மணிக்கட்டிலே பொருத்தி இவ்வேறுபாட்டைக் கோடாகவே பதிவுசெய்தார். தலை தானே நடுங்குகின்றதா அல்லது உடலின் ஆட்டத்தால் அசைகின்றதா என்பதை மாணவர் தெளிவாகக் காணும்பொருட்டு, நோயாளரின் தலையில் நீண்ட இறகு செருகிய தொப்பியை வைத்ததும் உண்டு. முதலாம் அணியின் நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை இட்டவர் ஷார்க்கோவே. தாம் கண்ட நோய்க்குத் தம் பெயரைச் சூட்டாது, அரைநூற்றாண்டுக்கு முன் எழுதிய மறக்கப்பட்ட ஆங்கிலேயரின் பெயரைச் சூட்டியமை அவரது நேர்மைக்குச் சான்று.

இரண்டாம் அணியினரின் நோயே மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என இன்று உலகெங்கும் அறியப்படுவது. அதன் கண்டுபிடிப்போடு இணைந்த கதை ஒன்று உண்டு. ஷார்க்கோ பயிற்சி மாணவராயிருந்த காலத்தில், விசித்திரமான நடுக்கமுடைய ஓர் இளம்பெண்ணைத் தம் வீட்டுப் பணிக்கு அமர்த்தினார். கை நடுக்கத்தால் எதனையும் போட்டுடைத்துவிடுவாளாகையால் அவளுக்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. அவளுடைய நோய் டியூஷேன் என்பார் விவரித்த ஒருவகை நடுக்கவாதம் என்பதை ஷார்க்கோ அறிந்துகொண்டார். ஆயின் அதன் மூலம் இன்னதென எவர்க்கும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் அவள் உடைத்த பீங்கான்களும் கோப்பைகளும் ஒரு சிறு செல்வமே பெறும். ஆயினும் அவளை அவர் விலக்கவில்லை. முடிவில் அவள் இறந்தபோது, பிரேத பரிசோதனையிலே மூளையிலும் முண்ணாணிலும் ஆங்காங்கே கடினமான தழும்புகள் கிடந்தன. 1893இல் ஷார்க்கோ மறைந்தபொழுது அவருடைய மாணவர் சிக்மண்ட் பிராய்ட் எழுதிய இரங்கலுரையில் இக்கதை காணப்படுகின்றது. இதனை இரக்கத்தின் கதையாகச் சிலர் சொல்வர். அறிவுத் தாகத்தின் கதையாகச் சிலர் சொல்வர். இரண்டும் கலந்த கதையென்றே யான் கொள்கிறேன். அப்பெண்ணுக்கு உணவும் இடமும் கிடைத்தன. ஷார்க்கோவுக்கு விடை கிடைத்தது. பிராய்ட் அவள் பெயரைச் சொல்லவில்லை.

அத்தழும்புகளை முதலிற் கண்டவர் ஷார்க்கோ என்று கூறுவது பொருந்தாது. ஸ்கொத்லாந்தவரான கார்ஸ்வெல் என்பாரும், பிரெஞ்சுக்காரரான குரூவெயிலியே என்பாரும் 1830களிலேயே அவற்றை அழகிய வண்ணப்படங்களாக வரைந்து வெளியிட்டிருந்தனர். வுல்பியானும் 1866இல் சில நோயாளரைப் பற்றி எடுத்துரைத்திருந்தார். ஆயினும், உயிரோடிருக்கும் ஒருவரைப் பார்த்து, இவர்க்கு இந்நோய் உளது என்று துணியும் வழி எவர்க்கும் தெரியாதிருந்தது. 1868இல் ஷார்க்கோ நிகழ்த்திய விரிவுரைகளே அவ்வழியைத் திறந்தன. மூன்று குறிகளை அவர் முன்வைத்தார்: விழிகள் நிலைகொள்ளாது பக்கவாட்டில் துடித்தல், கை ஒன்றை நாடும்போது நடுங்குதல், பேச்சு அசை அசையாக அறுபட்டு வருதல். இம்மூன்றாவது குறிக்கு மருத்துவர் இட்ட பெயரின் பொருள் செய்யுளை அலகிடுதல் என்பதாகும். யாப்பிலக்கணம் பயிலும் மாணவன் நேர், நிரை என்று பிரித்துச் சொல்வதை எண்ணிப் பார்த்தால் அந்நோயாளியின் பேச்சு நம் செவிக்கு எட்டும். இக்குறிகள் மூன்றும் நோயாளர் யாவரிடத்தும் ஒருங்கே வருவதில்லை என்பதும், தொடக்கத்தில் அரிதாகவே காணப்படும் என்பதும் பின்னர் தெளிவாயின. ஷார்க்கோவும் குறி குறைந்த நோயாளரைப் பற்றிப் பேசியே இருக்கின்றார்.

நுணுக்குக்காட்டியிற் கண்டவற்றை அவரே படமாக வரைந்தார். நரம்பிழைகள் பலவற்றை மயலின் என்னும் கொழுப்பு நிறைந்த உறை ஒன்று சூழ்ந்திருக்கும். மின்கம்பியின்மேல் இறப்பர் உறை இருப்பதுபோல எனலாம். தழும்பு விழுந்த இடத்தில் உறை அழிந்து போக, உள்ளிருக்கும் இழை பெரும்பாலும் எஞ்சி நிற்பதை ஷார்க்கோ கவனித்தார். நோயாளி ஒருகால் நடக்கமாட்டாது கிடந்து, சில மாதங்களில் எழுந்து நடமாடி, மீண்டும் விழும் விந்தையை விளங்கிக்கொள்வதற்கு இக்கவனிப்பு பின்வந்தோர்க்கு உதவிற்று. உடலின் காப்புக் கலங்களே தவறுதலாக அவ்வுறையைத் தாக்குகின்றன என்று இன்று கொள்ளப்படுகின்றது. எப்ஸ்டைன்-பார் என்னும் வைரசு தொற்றியபின்னரே இந்நோய் தோன்றுகின்றது என்பதற்கு வலிமையான சான்றினை 1 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரின் பதிவுகளைக் கொண்ட ஆய்வொன்று 2022இல் வெளியிட்டது. குளிர்நாடுகளில் மிகுந்தும் நிலநடுக்கோட்டை அண்டிய நாடுகளிற் குறைந்தும் காணப்படுவது இந்நோயின் இயல்பு. ஆதலால் ஈழநாட்டு வைத்தியர் இதனை அடிக்கடி காண்பதில்லை.

தசைகளைப் பற்றிய அறிவுக்கு ஷார்க்கோ செய்த தொண்டு இதனினும் குறைந்ததன்று. அதனைச் சொல்வதற்குமுன் டியூஷேனைப் பற்றி ஒருவார்த்தை கூறவேண்டும். பூலோன் என்னும் கடற்கரைப் பட்டினத்திலிருந்து வந்த இவ்வைத்தியருக்குப் பதவியும் இல்லை, பட்டமேற்றமும் இல்லை. ஒரு மின்சாரப் பெட்டியைச் சுமந்துகொண்டு வைத்தியசாலை வைத்தியசாலையாகச் சென்று, நோயாளரின் தசைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே மின்னோட்டத்தாற் சுருங்கச் செய்து, எத்தசை எவ்வசைவைச் செய்கின்றது என்பதை வரையறுத்தவர் அவர். பெரியோர் சிலர் அவரை எள்ளினர். ஷார்க்கோவோ அவரைச் சல்பெத்ரியேருக்குள் வரவேற்று, நரம்பியலில் தமக்கு ஆசான் அவரே என்று வெளிப்படையாகக் கூறிவந்தார்.

தசை மெலிந்து தேயும் நோய்களில் குற்றம் தசையிலா, அதனை இயக்கும் நரம்பிலா என்பது அந்நாளிற் பெரிய வழக்கு. 1865இல் ஷார்க்கோ ஓர் இளம்பெண்ணைப் பற்றி மருத்துவர் சங்கத்திலே எடுத்துரைத்தார். அவளுடைய கைகால்கள் விறைத்து முடங்கியிருந்தன; ஹிஸ்டீரியா என்றே அவளுடைய நோய் கொள்ளப்பட்டிருந்தது. இறந்தபின் முண்ணாணை வெட்டிப் பார்த்தபோது, அதன் இருமருங்கிலும் ஓடும் பக்கத் தம்பங்கள் கடினமாகிக் கிடந்தன. இந்தப் பெண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் நாம் அவளிடம் திரும்ப வேண்டியிருக்கும்.

அதன்பின், ஜோபுருவா என்னும் மாணவரோடு சேர்ந்து 1869இல் வெளியிட்ட ஆய்வுகளில், முண்ணாணின் முற்புறத்துச் சாம்பல்நிறப் பகுதியிலுள்ள பெரிய நரம்புக் கலங்கள் அழிந்தால் தசை மெலிகின்றது என்றும், பக்கத் தம்பங்கள் பழுதுற்றால் விறைப்பு உண்டாகின்றது என்றும் பிரித்தறிந்தார். சிலரிடத்து இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. கைவிரல்களின் சிறுதசைகள் முதலிற் கரையும், கால்கள் விறைக்கும், பின்னர் நாக்கும் தொண்டையும் செயலிழக்கும், முடிவில் மூச்சு நின்றுவிடும். பெரும்பாலோர்க்கு அறிவோ இறுதிவரை மங்காது. 1874இல் இதற்கு அவர் அமியோடிரோபிக் லாற்றரல் ஸ்கிளெரோசிஸ் என்று பெயரிட்டார். பக்கத் தம்பங்கள் கடினமாதலும் தசைகள் ஊட்டமிழத்தலும் என்பது அப்பெயரின் பொருள். பிரான்சில் இன்றும் இது ஷார்க்கோ நோய் என்றே வழங்குகின்றது. தசை தானாகவே தேய்வதன்று, அதற்கு ஊட்டந்தரும் நரம்புக்கலம் இறப்பதாலேயே தேய்கின்றது என்னும் உண்மை இதனால் நிலைபெற்றது. 1886இல் அவரும் பியேர் மரியும், அதே ஆண்டில் இங்கிலாந்தில் டூத் என்பாரும், பரம்பரையாக வரும் இன்னொரு தசைமெலிவை விவரித்தனர். அதில் பழுது முண்ணாணில் அன்று, புறநரம்புகளில்.

இவ்வளவும் கண்டவர் குணப்படுத்தினாரா எனின், இல்லை என்றே கூறவேண்டும். மல்டிபிள் ஸ்கிளெரோசிஸுக்கு வெள்ளி நைத்திரேற்று முதலியவற்றைக் கொடுத்துப் பார்த்தார்; பயன்படவில்லை என்பதை மறைக்கவுமில்லை. நடுக்கவாத நோயாளர் சிலர், குலுங்கும் வண்டியிலும் புகையிரதத்திலும் நெடுந்தூரம் பயணஞ்செய்த பின் உடல் இலேசாயிருப்பதாகச் சொல்லக் கேட்டு, குலுங்கும் நாற்காலி ஒன்றையே செய்வித்தார். வண்டி செய்பவரின் மகனல்லவா! நோயாளருக்கு அதனாற் சற்று உறக்கம் வந்தது, நடுக்கம் நீங்கவில்லை.

புகழோ நாளுக்குநாள் வளர்ந்தது. 1872இல் நோய் உடற்கூற்றியற் பேராசிரியரானார். கம்பெத்தாவின் ஆதரவோடு பிரெஞ்சுப் பாராளுமன்றம் 2,00,000 பிராங்கு ஒதுக்க, 1882இல் நரம்பு மண்டல நோய்களுக்கெனத் தனிப் பேராசிரியர் பீடம் அவர்பொருட்டே நிறுவப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் முன்பின் பார்த்திராத நோயாளரை மாணவர்முன் சோதித்துக் காட்டுவார். வெள்ளிக்கிழமைகளில் ஆயத்தஞ்செய்த பெருவிரிவுரை நடைபெறும். கரும்பலகையிலே நிறச் சோக்குக்கட்டிகளால் மூளையையும் முண்ணாணையும் வரைவார். விளக்கினால் திரையிற் படம் வீழ்த்துவார். நோயாளர் போல நடந்தும் கோணியும் தாமே நடித்துக் காட்டுவார். வைத்தியசாலையிலேயே நிழற்படச்சாலை ஒன்றை அமைத்தார். பாபின்ஸ்கி, ஜில் த லா தூரெற், ரஷ்யாவினின்று வந்த பெக்தெரெவ், வியன்னாவினின்று 1885 ஒக்ரோபரில் வந்து சில மாதம் தங்கிய பிராய்ட் முதலியோர் அம்மாணவருட் சிலர். பிராய்ட் தம் மூத்த மகனுக்கு ஜான் மார்த்தேன் என்றே பெயரிட்டார்.

இனி, பிழையைக் கூறவேண்டும். 1870ஆம் ஆண்டளவில் சல்பெத்ரியேரின் பழுதடைந்த கட்டடம் ஒன்று காலிசெய்யப்பட்டபோது, அங்கிருந்த காக்கைவலிப்பு நோயாளரும் ஹிஸ்டீரியா என்று கூறப்பட்ட பெண்களும் ஒரே விடுதியில் இடப்பட்டு ஷார்க்கோவின் பொறுப்பில் வந்தனர். வலிப்பைக் கண்டுகண்டு மற்றப் பெண்களுக்கும் வலிப்புப் போன்ற இழுப்பு வரலாயிற்று. ஷார்க்கோ தமது பழைய முறையையே இங்கும் கையாண்டார். உற்றுநோக்கினார், வகுத்தார், இழுப்புக்கு நான்கு படிநிலை கண்டார். எங்கும் எவரிடத்தும் மாறாத ஒரு நோயாக அதனை எழுதினார். 1878 முதல் ஹிப்னாட்டிசம் எனப்படும் அறிதுயிலையும் அப்பெண்களிடத்தே ஆராய்ந்து, 1882இல் விஞ்ஞானக் கழகத்தின்முன் அதற்கும் மூன்று நிலை வகுத்துரைத்தார். ஹிஸ்டீரியா உடையோரே அவ்வறிதுயிலுக்கு ஆட்படுவர் என்பது அவர் கொள்கை.

இத்துறையிலும் அவர் நன்மை செய்யாமலில்லை. இந்நோயாளர் பொய்க்காரர் அல்லர் என்று வற்புறுத்தினார். இது பெண்களுக்கே உரியது என்னும் பழங்கொள்கையை மறுத்து, புகையிரத விபத்திற்பட்ட தொழிலாளரிடத்தும் கொல்லரிடத்தும் இதனைக் காட்டினார். ஆனால் பழைய முறையின் இரண்டாம் பாதி இங்கே இல்லை. நுணுக்குக்காட்டியின்கீழ்க் காண்பதற்குத் தழும்பு எதுவும் இல்லை. முன்னர், ஹிஸ்டீரியா எனப்பட்ட அந்த இளம்பெண்ணின் முண்ணாண், வைத்தியர்களின் கருத்துத் தவறென்று கூறிற்று. இப்பெண்களிடத்து அவ்வாறு மறுத்துரைக்கும் சாட்சி ஒன்றும் இல்லை. கண் கண்டதே முடிவாயிற்று. அக்கண்ணுக்கு முன் நின்றவர்களோ, பேராசிரியர் எதிர்பார்ப்பது இன்னதென்று நன்கறிந்த ஏழைப் பெண்கள். அறிதுயிலுக்கு ஆட்படுத்துவதைப் பெரும்பாலும் உதவியாளரே செய்தனர். விரிவுரைக்கு முன்னரே அப்பெண்கள் பலமுறை பழக்கப்பட்டிருந்தனர். பேராசிரியர் அதனை ஆராயவில்லை. பாரிஸ் நகரத்து எழுத்தாளரும் நடிகரும் வேடிக்கை பார்க்க வந்தனர். அந்தரங்கமாக ஒரு வைத்தியர்முன் நிற்கவேண்டிய பெண்கள் அரங்கத்தின்முன் நின்றனர். அவர்களுடைய நிழற்படங்கள் நூலாக விற்கப்பட்டன. அக்காலத்து வழக்கம் அது என்று கூறி இதனை எளிதிற் கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை.

நான்சி நகரத்துப் பேராசிரியர் பேர்ன்ஹைம், சல்பெத்ரியேரிற் காணப்படும் படிநிலைகள் யாவும் சொல்லேற்றத்தால் விளைந்தவையே என்றும், நோயற்றவரும் அறிதுயிலுக்கு ஆட்படுவர் என்றும் எடுத்துக்காட்டினார். அவர் சொன்னதே மெய்யாயிற்று. ஷார்க்கோ மறைந்த சில ஆண்டுகளில், அந்த நான்கு படிநிலை இழுப்பும் சல்பெத்ரியேரை விட்டே மறைந்துபோயிற்று.

வீட்டிலே ஷார்க்கோ வேறு மனிதர். 1864இல் விதவையான ஒரு சீமாட்டியை மணந்தார். மகள் ஒருத்தியும் மகன் ஒருவனும் பிறந்தனர். சான் ஷெர்மேன் பெருவீதியிலிருந்த மாளிகையிலே செவ்வாய் மாலைதோறும் அரசியலாரும் கலைஞரும் கூடுவர். விலங்குகளிடத்து அன்பு மிக்கவர், குரங்கொன்றை வளர்த்தார். வேட்டையை வெறுத்தார், உயிருள்ள பிராணிகளை அறுத்துச் செய்யும் சோதனை தம் ஆராய்ச்சிக்கு வேண்டாமென ஒதுக்கினார்.

1893 ஆகஸ்ட் மாதம், மாணவராயிருந்து நண்பராகிய இருவருடன் மோர்வான் மலைநாட்டுக்கு ஓய்வுக்காகச் சென்றார். அங்கே ஏரிக்கரை விடுதியொன்றிலே, 16ஆம் திகதி, நுரையீரலில் நீர்தேங்கி உயிர்நீத்தார். வயது 67. அவருடைய செயலாளராயிருந்த கினோன் என்பார் நெடுங்காலத்தின்பின் எழுதிய நினைவுக்குறிப்பில் ஒரு செய்தி உண்டு. அப்பயணத்துக்குச் சற்றுமுன், ஹிஸ்டீரியாவைப் பற்றிய தமது கொள்கை பழுதாகிவிட்டதென்றும், அவ்வதிகாரம் முழுவதையும் திருத்தி எழுதவேண்டுமென்றும் ஷார்க்கோ அவரிடம் கூறினாராம். எழுதக் காலம் இடங்கொடுக்கவில்லை.

அத்திருத்தத்தின் முதல் வரியை எழுதியவர் பாபின்ஸ்கி எனலாம். 1887இல் புரூயே என்னும் ஓவியர் தீட்டிய புகழ்பெற்ற படத்திலே ஷார்க்கோ விரிவுரை நிகழ்த்துகின்றார். பிளான்ஷ் விட்மன் என்னும் பெண் மயங்கிச் சாய்கின்றாள். அவளைத் தாங்கிப் பிடித்து நிற்பவர் பாபின்ஸ்கியே. 1896இல், உள்ளங்காலைக் கீறினாற் பெருவிரல் மேல்நோக்கி எழும் எளிய குறியை அவர் வெளியிட்டார். முண்ணாணிலோ மூளையிலோ மெய்யான பழுது உடையவரையும் ஹிஸ்டீரியாவாற் கால்வழங்காதவரையும் கட்டிலருகிலேயே பிரித்தறிய அது வழிவகுத்தது. 1865இல் இறந்த அந்தப் பெண்ணின் உள்ளங்காலை எவரேனும் அவ்வாறு கீறிப் பார்த்திருப்பின், உண்மையை அறிய அவளுடைய மரணம்வரை காத்திருக்க நேர்ந்திராது.

இறந்தபின்னரே ஷார்க்கோ காண இயன்ற தழும்புகளை 1980களிலிருந்து காந்தப் படக்கருவி உயிரோடிருப்பவரிடத்தே காட்டுகின்றது. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸின் தாக்குதல்களைக் குறைக்கும் இன்டர்பெரோன் மருந்து 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன்பின் பல மருந்துகள் வந்துள்ளன. ஷார்க்கோ நோய்க்கு 1995இல் வந்த ரிலூசோல் ஆயுளைச் சில மாதங்களே நீட்டுகின்றது.

1898இல் சல்பெத்ரியேரின் வாயிலில் நிறுவப்பட்ட ஷார்க்கோவின் வெண்கலச் சிலை, ஜெர்மானியர் பாரிஸைக் கைப்பற்றியிருந்த 1942இல் உருக்கப்பட்டது. மகன் ஜான் பத்தீஸ்து தந்தையின் விருப்பப்படி வைத்தியப் பட்டம் பெற்றார்; தந்தை மறைந்தபின் கடலோடியாகித் தென்துருவ நாடுகளை ஆராய்ந்தார். 1910 சனவரியில் பனியாற் சூழப்பட்ட புதிய நிலமொன்றைக் கண்டு, மாலுமிகள் வற்புறுத்த, தந்தையின் பெயரை அதற்கு இட்டார். அது ஒரு தீவு என்பது 1929இல் ஆகாயவிமானத்திற் சென்று பார்த்தபோதே தெரியவந்தது.